ஆரஞ்சுப் பொத்தான்



போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, ஞானோபதேச வகுப்புக்குப் பிள்ளைகள் கூடிக்கொண்டிருந்த நேரம். மாதா கெபிப் படியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எட்டாம் வகுப்புப் படிக்கிறவன், நல்ல பிள்ளை. "தம்பி, உபதேசியார் வந்துவிட்டாரா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் இரண்டடி கிட்டப் போய்க் கேட்டேன். அவன் முகம் எனக்கு நேராகத்தான் இருந்தது. ஆனாலும் பதில் இல்லை. மூன்றாம் முறை தோளைத் தொட்ட பிறகே திடுக்கிட்டு எழுந்து, இரண்டு காதுகளிலிருந்தும் புளியங்கொட்டை அளவில் வெள்ளையாய் எதையோ பிடுங்கிக் கைக்குள் மறைத்துக்கொண்டு, "தோத்திரம் சாமி! கூப்பிட்டீங்களா?" என்றான்.

சுற்றி நின்ற தாய்மார்கள் நான் கண்டிப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். ஓர் அம்மாள், "நல்லா நாலு வார்த்தை சொல்லுங்க சாமி, வீட்டுலயும் இதே கதைதான்" என்று எடுத்துக்கொடுக்கவும் செய்தார்கள். எனக்கோ நாவு எழவில்லை. "போய் உட்கார் தம்பி" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அந்த அம்மாள் பிற்பாடு கேட்டபோது ஏதோ சொல்லி மழுப்பினேன். அதற்குச் சரியான பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பதிலுக்கு வந்து சேரச் சற்று நேரமாகும். என் பாட்டுப் பைத்தியத்தைப் பற்றியும் நடுவில் கொஞ்சம் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது 1980இல். என் தகப்பனாரிடம் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று இருந்தது. ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய காலம் ஒன்று இருந்ததல்லவா? அந்தப் புத்தகம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஞானஸ்நானச் சீட்டுகளோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் அப்பா திண்ணையில் அமர்ந்து ரேடியோவைத் திருப்புவார். முதலில் செய்தி, பிறகு இலங்கை வானொலியில் பாட்டு. பக்கத்து வீட்டார் நாலு பேர் வந்து குந்துவார்கள். அடுப்படியிலிருந்து அம்மா, "கொஞ்சம் சத்தமா வைங்க" என்பார்கள். அப்பா திருகுவார். ஒரு பாட்டை ஒருவர் மட்டும் கேட்பது என்பது எங்களுக்குத் தெரியாத காரியம். அப்படிக் கேட்க வழியும் இல்லை.

அதனால் அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. என்ன கேட்பது என்பதைத் தீர்மானித்தவர் அப்பா ஒருவரே. அம்மாவுக்குப் பிடித்தது எதுவோ, அது அப்பா வயலுக்குப் போன பிறகுதான். திருவிழா வந்துவிட்டால் தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி பத்து நாளும் அலறும். எதிர்வீட்டுப் பாட்டி காய்ச்சலில் கிடந்த வருஷமும் அலறியது. நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. பிறர் காதில் நம் சத்தத்தைத் திணிப்பதும் பிறர்சிநேகத்துக்கு விரோதமான குற்றமே. (இந்த வருஷத்துத் திருவிழாக் கமிட்டியார் இந்த வரியை இரண்டு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.)

பிறகு கேசட் வந்தது. உங்களில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெற்றுக் கேசட் ஒன்றும் பாட்டுப் பட்டியல் ஒன்றும் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் நடையாய் நடப்போம். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றுவோம். எழுபது எண்பதுகளில் இளையராஜாவின் பாட்டு வீட்டுக்கு வீடு போனது இந்த நாடாவின் மேல் ஏறித்தான். நான் குருமடத்தில் சேர்ந்தபோது என் பெட்டியில் செபமாலை இரண்டும் கேசட் பதினொன்றும் இருந்தன. செபமாலைகளை உள்ளே அனுமதித்தார்கள்.

1997ஆம் வருஷம். இரவுச் செபம் முடிந்தால் மறுநாள் பூசை வரைக்கும் மௌனம் என்பது குருமட ஒழுங்கு. என் கட்டிலுக்கு அடுத்த கட்டில்காரனுக்கு வளைகுடாவிலிருந்து வந்த மாமா ஒரு வாக்மேன் கொடுத்திருந்தார். அதற்கு ஒரே இயர்போன். போர்வைக்குள் அவன் வலது காதுக்கு ஒன்றும் என் இடது காதுக்கு ஒன்றுமாய்ப் பங்கிட்டுக்கொண்டோம். கேட்டது "மின்சாரக் கனவு" என்ற படத்தின் பாட்டு. கன்னியாஸ்திரீ ஆக ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை அது, ரகுமான் இசை. அதில் பாலன் பிறப்பைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. இன்றைக்கும் கிறிஸ்துமஸ் நாட்களில் பல கோவில்களில் பாடுகிறார்கள். திடீரென்று போர்வைமேல் டார்ச் வெளிச்சம். அதிபர் சுவாமி!

அவர் ஒன்றும் பேசாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காதில் இருந்ததை எடுத்துத் தம் காதில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிகிற வரைக்கும் கேட்டார். பிறகு மெல்ல, "இது கோவில் பாட்டா, சினிமாப் பாட்டா?" என்றார்.

"ரெண்டும்தான் சுவாமி" என்றான் என் கூட்டாளி.

வாக்மேன் அங்கிப் பைக்குள் போயிற்று. எங்கள் இருவருக்கும் ஒரு மாதம் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. ஆனால் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் பாடும்படி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னவரும் அவரே. ஒரு காதை எங்களுக்கு விட்டு ஒரு காதால் கேட்ட அந்த அதிபரைப் பிற்காலத்தில் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

அந்தக் கருவியின் சரித்திரத்தைப் பிற்பாடு படித்தபோது ஆச்சரியமான ஒரு விஷயம் கண்டேன். இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

முதல் வாக்மேன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1979 ஜூலை 1ஆம் தேதி. சோனி கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான மசாரு இபுக்கா, நீண்ட விமானப் பிரயாணங்களில் பாட்டுக் கேட்க ஒரு சிறு கருவி வேண்டுமென்று கேட்டார். அதிலிருந்து பிறந்தது அது. நீலமும் வெள்ளியும் கலந்த நிறம். ஒலிப்பதிவு செய்யாது, பாடமட்டும் செய்யும். பதிவு செய்யத் தெரியாத டேப்ரிக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே சிரித்தவர்கள் உண்டு. இபுக்காவின் கூட்டாளி அக்கியோ மொரித்தா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்தார். பாட்டு அருமையாய் இருந்தது. ஆனால் அவர் மனைவிக்கு முகம் வாடிற்று. கணவர் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் தன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாரே என்று அந்த அம்மாளுக்கு வருத்தம்.

மொரித்தா அதைச் சின்ன விஷயம் என்று தள்ளவில்லை. தன்னந்தனியே ஒருவன் காதை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று அவருக்குப் பட்டது. ஆகையால் இரண்டு மாற்றங்கள் செய்யச் சொன்னார். ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு இயர்போன் துளைகள். மற்றது, கருவியின் மேல்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டு தணியும். உள்ளே வைத்திருக்கும் சிறு மைக் வழியாக எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழும். பேசி முடிந்ததும் விரலை எடுத்தால் பாட்டு பழையபடி எழும்.

எவ்வளவு நாகரிகமான யோசனை பாருங்கள்! வியாபாரிகளைப் பற்றி நாம் சுலபமாய்க் குறை பேசுகிறோம். தம் மனைவியின் முகவாட்டத்தைப் பார்த்து ஒரு யந்திரத்தின் அமைப்பையே மாற்றிய வியாபாரியும் உண்டு.

அந்தப் பொத்தானுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? வாங்கியவர்கள் அதைத் தேடவில்லை. எல்லோருக்கும் வேண்டியது தனியே கேட்பதுதான் என்று கம்பெனிக்குச் சீக்கிரமே விளங்கிப்போயிற்று. பின்னால் வந்த மாதிரிகளில் ஆரஞ்சுப் பொத்தானும் போயிற்று. இரண்டாம் துளையும் போயிற்று. உலகமெங்கும் 20 கோடிக்குமேல் வாக்மேன்கள் விற்று, 2010இல் கேசட் வாக்மேனை ஜப்பானில் விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். பொத்தானை எடுக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போடவில்லை. பிசாசு ராத்திரியில் வந்து பிடுங்கவுமில்லை. நாமே வேண்டாம் என்று விட்டோம்.

அது போதாதென்று இன்னொரு கெட்டிக்காரத்தனமும் வந்தது. அமர் போஸ் என்பவர், வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒரு தகப்பனின் மகன், 1978இல் சூரிச் நகரிலிருந்து விமானத்தில் திரும்பும்போது விமானத்தின் இரைச்சலில் பாட்டு சரியாய்க் கேட்கவில்லையே என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். சத்தம் என்பது அலை. குளத்தில் ஓர் அலை மேலே எழும்பும் இடத்தில் இன்னோர் அலை அதே அளவு கீழே இறங்கினால் தண்ணீர் சமமாகிவிடும் அல்லவா? அதேபோல, வெளியே வரும் இரைச்சலை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். விமானிகளுக்கான கருவி 1989இல் வந்தது. இன்று அந்த வித்தை புளியங்கொட்டை அளவுக்குள் அடங்கிப் பையன்களின் காதில் இருக்கிறது. மோட்டார் உறுமல், மின்விசிறி, மழை போன்ற ஒரே சீரான இரைச்சலை அது அழிக்கும். மிச்சத்தைப் பாட்டு மூடும்.

திருச்சபை இந்த யந்திரங்களுக்கு விரோதி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1931 பிப்ரவரி 12ஆம் தேதி வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியே; அன்று அதில் பேசியவர் பதினோராம் பத்திநாதர். 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதர் சினிமா, வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் பற்றி ஒரு சுற்றுமடலே எழுதினார். நோயில் படுத்திருந்தபோது கிறிஸ்துமஸ் பூசையை இருந்த இடத்திலிருந்தே கண்ட அர்ச். கிளாராம்மாளைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக்கியவரும் அவரே. 2025 செப்டம்பர் 7ஆம் தேதி பதினான்காம் சிங்கராயர் பாப்பரசர் அர்ச்சியசிஷ்டராக உயர்த்திய கார்லோ அக்குத்திஸ் என்ற பிள்ளை, பதினைந்தே வயதில் 2006இல் இறந்தவன், கம்ப்யூட்டரில் தேர்ந்தவன். திவ்விய நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி இணையத்தில் வைத்தவன். பிளேஸ்டேஷன் விளையாட்டும் அவனிடம் இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே அளவு வைத்துக்கொண்டானாம். என்னிடம் அப்படி அளவு ஏதும் இருந்ததில்லை.

இப்போது அந்த அம்மாளுக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கு வந்துவிட்டேன்.

இது இங்கே நடந்ததல்ல. முன்பு நான் இருந்த பங்கில். ஐப்பசி மாதம், நல்ல மழை. சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. செல்போன் கோபுரமும் செத்துவிட்டது. கோவில்பிள்ளை நேரத்தோடு வீட்டுக்குப் போயிருந்தார். அறைவீட்டில் நான் ஒருவன். மூன்று நாள் தொடர்ந்து கூட்டங்கள், மனம் சலித்திருந்தது. என் அண்ணன் மகன் பரிசாய்க் கொடுத்த இயர்பட்ஸை மாட்டி, போனில் சேமித்து வைத்திருந்த பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டு படுத்தேன். மழைச் சத்தம் அப்படியே மறைந்தது. என்ன சுகம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. தூங்கவில்லை. மணி பதினொன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்று வரைக்கும் விழித்திருந்து பாட்டுக் கேட்டேன். இதை ஏன் இவ்வளவு துல்லியமாய்ச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

காலையில் கோவில் திறக்கக் கதவை நீக்கினேன். தாழ்வாரமெங்கும் சேற்றுக் கால் தடங்கள். கதவண்டை வந்து நின்ற தடங்கள். ஜன்னல் பக்கம் போன தடங்கள். திரும்பிக் கதவண்டை வந்த தடங்கள். ஜன்னல் கம்பியில் கைச் சேறு.

ஒரு தாய் சாகக்கிடந்தாள். அவஸ்தைப்பூசுதலுக்கு என்னைக் கூப்பிட மகன் மழையில் நனைந்து வந்திருக்கிறார். போன் கிடைக்காததால் நேரே வந்திருக்கிறார். மணி அழுத்தினார், மின்சாரம் இல்லை. கதவைத் தட்டினார், சாமி சாமி என்று கூப்பிட்டார். நான் இருபதடி தூரத்தில் கண் விழித்துப் படுத்திருந்தேன். கடைசியில் அடுத்த பங்குக்கு மோட்டார் சைக்கிளில் போனார். வழியில் மரம் விழுந்து கிடந்தது. அந்தச் சுவாமி வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. தாய் இரண்டு மணிக்கே போய்விட்டாள்.

சர்வேசுரனுடைய இரக்கம் என் கதவுத் தாழ்ப்பாளுக்குக் கட்டுப்பட்டதல்ல. அதை நான் விசுவசிக்கிறேன். அந்த ஆத்துமத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. என்னைப் பற்றித்தான்.

அடக்கப் பூசை நானே செய்தேன். கல்லறையில் மண் போட்டுத் திரும்பும்போது அந்த மகன் என்னிடம் வந்து, "களைப்பாத் தூங்கியிருப்பீங்க சாமி. அதான் ரொம்பக் கதவை இடிக்கலை" என்றார். என்மேல் குறை வராமல் எனக்கே ஒரு சாக்கு எடுத்துக்கொடுத்தார். நான் தலையசைத்தேன்.

அந்தத் தலையசைப்பு பொய். நள்ளிரவில் வந்து ரொட்டி கேட்டுக் கதவைத் தட்டிய சிநேகிதனைப் பற்றிச் சேசுநாதர் சொன்ன உவமை சுவிசேஷத்தில் வருகிறது. உள்ளே இருந்தவன் எழுந்திருக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறான். பிறகு எழுந்து கொடுக்கிறான். அந்த உவமையை வைத்து எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். அந்த மனிதனைச் சோம்பேறி என்று ஏசியும் இருக்கிறேன். அவனுக்குத் தட்டுகிற சத்தமாவது கேட்டது.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு முதிய குருவானவரிடம் போனேன். அவர் கொடுத்த அபராதம் சுருக்கமானது. தலையசைத்ததற்காக மனஸ்தாபப்பட்டால் போதாது, அந்த மகனிடம் போய் உண்மையைச் சொல் என்றார். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தாயின் படம், மாலை, முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. நான் அன்று தூங்கவில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆகையால் நீங்கள் கூப்பிட்டது கேட்கவில்லை என்று சொன்னேன். சொல்லி முடிக்க நா உலர்ந்துவிட்டது.

அவர் வெகு நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"அம்மாவுக்கு ஆறு வருசமாக் காது மந்தம் சாமி. கத்திப் பேசணும். கத்திக் கத்தி எங்களுக்கு அலுத்துப்போச்சு. சாப்பாடு, மாத்திரை, இந்த ரெண்டுக்குத்தான் பேசுவோம். மத்த நேரம் அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். காது மிஷின் வாங்கணும் வாங்கணும்னே இருந்தேன். பணம் வந்த வருசம் டிவி வாங்கினோம்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க ஒரு ராத்திரிதான் கேக்கலை சாமி" என்றார்.

இருவரும் அதற்குமேல் பேசவில்லை. செபமாலை ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்றார்.

அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் ஏழாம் அதிகாரத்தில் ஒரு செவிடனைச் சேசுநாதரிடம் கொண்டுவருகிறார்கள். ஆண்டவர் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். அவனுடைய காதுகளில் தம் விரல்களை இடுகிறார். வானத்தை நோக்கிப் பெருமூச்சு விடுகிறார். பிறகே "எப்பேத்தா" என்கிறார். அதாவது, திறக்கப்படு என்று. ஒரு வார்த்தையாலே எத்தனையோ பேரைச் சுகப்படுத்தியவர், இங்கே ஏன் விரலை உள்ளே விட்டார்? ஏன் பெருமூச்சு விட்டார்? வேதசாஸ்திரிகள் பல காரணம் சொல்லுகிறார்கள். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்றுதான். மூடிய காதைத் திறப்பது ஆண்டவருக்கே பெருமூச்சு வாங்கும் வேலை. நம் ஞானஸ்நானச் சடங்கிலும் இதே பெயரில் காதைத் தொடும் சடங்கு உண்டு. உங்கள் வீட்டுக் கைக்குழந்தையின் காதை நான் பெருவிரலால் தொடுகிறபோது அது சிணுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காதில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வேறொரு பொருள் போய் உட்காருகிறது. ஒரே வாசல், விரல் திறக்கப் போயிற்று, இது மூடப் போகிறது.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி பிள்ளைகளின் கருவிகளைப் பிடுங்கி அடுப்பில் போட வேண்டாம். ஒன்று சொல்லுகிறேன்: மொரித்தாவின் ஆரஞ்சுப் பொத்தான் செத்துப்போகவில்லை. 2019இல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ முதல் இன்றைக்கு விற்கும் பல இயர்பட்ஸ்களில் அது வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. காம்பை அழுத்தினாலோ தொட்டாலோ வெளிச்சத்தம் உள்ளே கேட்கும். பையன்களுக்கு அது தெரியும். ரோட்டைக் கடக்கும்போது உபயோகிக்கிறார்கள். லாரிக்குக் கொடுக்கும் மரியாதையை அம்மாவுக்கும் கொடுக்கலாம். என் போனில் அந்தப் பொத்தான் மழை ராத்திரியிலும் இருந்தது. நான் அழுத்தவில்லை.

பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. போனை உரக்க வைத்துப் பஸ்ஸிலும் மருத்துவமனையிலும் வீடியோ பார்க்கிற நாம், காதை மூடிய பிள்ளையைக் குறைசொல்ல வாயெடுக்கக் கூடாது. அவன் தன் காதை மட்டுமே மூடினான்.

இன்னொரு விஷயம் இதைவிட அவசரமானது. உங்கள் வீட்டில் காது மந்தமான பெரியவர் யாராவது இருக்கிறார்களா? பேச்சில் கலந்துகொள்ளாமல், எல்லோரும் சிரிக்கும்போது தாமும் சும்மா சிரித்து வைக்கிறார்களா? சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் மட்டும் கூப்பிடுகிறீர்களா? காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பல சமயம் அழுக்கு அடைத்திருப்பதே காரணம். ஐந்து நிமிஷத்தில் தீரும். கருவி வேண்டுமென்றால், தகுதியுள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக விலையில்லாமல் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் வேண்டும்; விண்ணப்பம் எழுத வேண்டும். எழுத்து வேலைக்கு நம் வின்சென்ட் தே பவுல் சபையார் வருவார்கள். ஞாயிறு முதல் பூசை முடிந்து கோவில் வராந்தாவில் மேஜை போட்டிருப்பார்கள். பாட்டுக் கேட்க வாங்கிய அதே இயர்பட்ஸில் ஒரு வகையைக் காது கேட்கும் கருவியாகவும் பயன்படுத்த அமெரிக்காவில் 2024இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்பதையும் பையன்களுக்குச் சொல்லுங்கள். பாட்டியோடு பங்கிட்டுக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

நான் பாட்டுக் கேட்பதை விடவில்லை. விட்டுவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு தலையசைப்புத்தான். இப்போது பெட்டி ரேடியோ மாதிரி ஒன்றில் சன்னமாய் வைத்துக் கேட்கிறேன். கோவில்பிள்ளைக்கும் அது கேட்கிறது. நான் வைக்கும் பாட்டுகள் அவருக்கு அவ்வளவாய்ப் பிடிப்பதில்லை என்று அறிகிறேன்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. சக்ரீஸ்தியில் சும்மா கிடந்த பழைய வெண்கல மணியை எடுத்து அறைவீட்டுத் தாழ்வாரத்தில், என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே தொங்கவிட்டிருக்கிறோம். கயிறு வெளிக்கேட்டு வரைக்கும் வருகிறது. மின்சாரம் தேவையில்லை. வியாதிக்காரருக்காக எந்த ராத்திரியிலும், எவ்வளவு மழையிலும் இழுக்கலாம். கேட்கவில்லை என்றால் கேட்கும் வரைக்கும் இழுங்கள். சாமி தூங்குவார் என்று தயவுசெய்து இரக்கப்பட வேண்டாம்.

மணி கட்டிய இந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் நான்கு முறை கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். நான்கு முறையும் எழுந்து போய்க் கேட்டைத் திறந்து பார்த்தேன். இழுத்தவர்களில் கெபிப் படியில் உட்கார்ந்திருந்த பையனும் ஒருவன் என்று கோவில்பிள்ளை சொல்லுகிறார்.

உங்கள் பங்குச் சுவாமி